மது விளம்பரத் தடையும் மது நுகர்வும்

மது விளம்பரத் தடை என்பது தொலைக்காட்சி, வானொலி, திரையரங்கு, இதழ்கள் முதலிய ஊடகங்களில் மதுபான விளம்பரங்களை அரசு முழுமையாகவோ பகுதியாகவோ சட்டத்தால் தடுப்பதைக் குறிக்கும். இத்தடை குடிப்பழக்கத்தைக் குறைக்கிறதா என்பது நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

இரு தரப்பு வாதங்கள்

விளம்பரங்கள் குடிப்பதை இயல்பான, மகிழ்ச்சி தரும் செயலாகக் காட்டி இளையோரை ஈர்க்கின்றன என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். ஏற்கெனவே குடிப்பவர்கள் எந்த வணிகப்பெயரை வாங்குவது என்பதை மட்டுமே விளம்பரம் மாற்றுகிறது என்பது மது நிறுவனங்களின் வாதம்.

கனடா

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த தடை 1983 இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் பியர் விற்பனை உயர்ந்தது. விஸ்கி போன்ற கடும் மதுவகைகளின் விற்பனை குறைந்தது. மொத்த மது விற்பனையில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. எனினும் விற்பனைக் கணக்கு யார் குடிக்கிறார்கள் என்பதைக் காட்டாது. சிறுவயதில் குடிக்கத் தொடங்குவோரின் எண்ணிக்கையை அதிலிருந்து அறிய முடியாது.

பிரான்சு

பிரான்சில் 1991 இல் இயற்றப்பட்ட எவின் சட்டம், அப்போதைய சுகாதார அமைச்சர் குளோத் எவினின் பெயரால் அழைக்கப்படுகிறது. இது தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் மது விளம்பரத்தைத் தடை செய்தது. அங்கு மது நுகர்வு குறைந்துள்ளது. ஆனால் அந்தச் சரிவு 1960களிலேயே தொடங்கிவிட்டதால், சட்டத்தின் பங்கைத் தனியே பிரித்து அளப்பது கடினம்.

ஆய்வு முடிவுகள்

2014 இல் வெளியான காக்ரேன் மீளாய்வில் தகுதி பெற்றவை நான்கு ஆய்வுகள் மட்டுமே. தடைக்கு ஆதரவாகவோ எதிராகவோ உறுதியான சான்று இல்லை என்று அது முடிவு செய்தது. தடை பயனற்றது என்று நிறுவப்பட்டதாக இதற்குப் பொருள் இல்லை. மது விளம்பரங்களை அதிகம் காணும் இளையோர் பின்னாளில் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாடுகளில் நடந்த தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. உலக சுகாதார அமைப்பு, வரி உயர்வு, விற்பனைக் கட்டுப்பாடு ஆகியவற்றுடன் விளம்பரத் தடையையும் பரிந்துரைக்கிறது.

மறைமுக விளம்பரம்

தடையின் பயன் அது எந்த அளவுக்குச் செயல்படுத்தப்படுகிறது என்பதையும் பொறுத்தது. இந்தியாவில் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. ஆயினும் அதே வணிகப்பெயரும் சின்னமும் சோடா, குடிநீர், இசைத்தட்டு ஆகியவற்றின் பெயரில் திரையில் தோன்றுகின்றன. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மது விளம்பரத்தைத் தடை செய்கிறது. சமூக ஊடகங்கள் நாட்டு எல்லைகளைக் கடந்து இயங்குவதால், இத்தகைய சட்டங்களைச் செயல்படுத்துவது மேலும் கடினமாகியுள்ளது.