எத்தனை மணிக்கு, எங்கே?

திரை முழுக்க வீடியோ. மலைப்பாதையில் ஒரு கூட்டம் சைக்கிளில் சாய்ந்து வளைந்து இறங்குகிறது. பின்னணியில் டிரம்ஸ். பனி விலக, 'உன் எல்லையைத் தாண்டு' என்று எழுத்துகள் மிதந்து வருகின்றன. தாண்டத் தயார்தான். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

கீழே தள்ளினேன். ஸ்பான்சர்களின் சின்னங்கள், எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அதற்கும் கீழே அமைப்பாளர்களின் 'கனவு'. அப்புறம், போன முறை ஓட்டியவர்கள் கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் படங்கள். 'இந்த ஞாயிறு சந்திப்போம்' என்று ஒரு வரி. எந்த ஞாயிறு? இந்த வருடத்து ஞாயிறா, போன வருடத்து ஞாயிறா? 'விவரங்களுக்கு' என்றிருந்த பொத்தானைத் தட்டினால் பதிவுப் படிவம் திறக்கிறது. பெயர், வயது, ரத்த வகை, டி-ஷர்ட் அளவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று என்னிடம் பன்னிரண்டு கேள்விகள். நான் கேட்க நினைத்தது நாலே நாலு. ஒன்றுக்கும் பதில் இல்லை.

எந்த சைக்கிள் போட்டியின் வலைத்தளம் என்பது இங்கே முக்கியமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டோடு டீக்கடையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார்.

டீக்கடைச் சுவர் சொல்வது

நான் பிறந்தது சிவகங்கைப் பக்கம். அங்கே திருவிழா என்றால் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் இருக்கும். அதற்கு அடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டுகிற நோட்டீஸைப் படித்திருக்கிறீர்களா? எந்தச் சாமிக்கு என்ன விழா, தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை, நேரம், எந்தச் சாலை எல்லாம் இருக்கும். பெரிய மாட்டுக்குப் போய்வர எத்தனை மைல், சின்ன மாட்டுக்கு எத்தனை, நுழைவுக் கட்டணம் என்ன, ஒவ்வொரு பரிசும் எவ்வளவு, யார் உபயம், எல்லாம் இருக்கும். அடியில் செல்போன் எண்கள். பிரமுகர்களின் படங்கள் பாதி இடத்தை அடைத்துக்கொள்வது உண்மைதான். ஆனாலும் மாடு வைத்திருப்பவருக்கு வேண்டிய ஒரு விவரமும் விடுபடாது. விட்டால் வண்டி வராது.

கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். 'காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்று முகூர்த்தத்தைத் துல்லியமாகப் போட்டு, மண்டபத்தின் பெயருக்குக் கீழே 'பஸ் ஸ்டாண்டு அருகில்' என்றும் போடுவார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு அந்த வரி தேவையில்லை. மண்டபத்தைப் பேசி முடிக்கப் போனதே அவரோடுதான். வெளியூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து இறங்கும் சித்தப்பாவுக்காக அந்த வரி.

1903-ல் சொன்னார்கள்

சைக்கிள் பந்தயத்துக்கும் அச்சடித்த விவரத்துக்கும் பழைய உறவு உண்டு. டூர் டி பிரான்ஸ் பிறந்ததே ஒரு பத்திரிகையின் பக்கத்தில்தான். 'லோட்டோ' என்ற பாரிஸ் விளையாட்டு நாளிதழ் போட்டிப் பத்திரிகையை மிஞ்ச வழி தேடிக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச், பிரான்ஸைச் சுற்றி வரும் பந்தயம் ஒன்றை நடத்தப்போவதாக 1903 ஜனவரியில் அறிவித்தார். நுழைவுக் கட்டணம் 20 பிராங்க். ஆள் சேரவில்லை. உடனே கட்டணத்தை 10 பிராங்காகக் குறைத்தார். தேதியை ஜூலைக்குத் தள்ளினார். அதையும் பத்திரிகையிலேயே சொன்னார்.

ஜூலை 1, பிற்பகல் 3.16 மணி. பாரிஸுக்கு வெளியே மோன்ஜெரோனில் ஒரு காபிக்கடை முன்னாலிருந்து 60 பேர் கிளம்பினார்கள். ஆறு கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீட்டர். முதல் கட்டமே பாரிஸிலிருந்து லியோனுக்கு 467 கிலோமீட்டர். கடைசிவரை ஓட்டியவர்கள் 21 பேர். ஜெயித்தவர் மொரீஸ் கரான்.

அந்தப் பாரம்பரியம் இன்றும் தொடர்கிறது. டூர் டி பிரான்ஸின் பாதை அட்டவணையில் வழியிலுள்ள ஒவ்வொரு ஊரும் இருக்கும். ஓடிய தூரம், மிச்ச தூரம் இருக்கும். மூன்று சராசரி வேகங்களில் அந்த ஊரை எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்று மூன்று நேரங்களும் இருக்கும். சாலையோரம் நிற்கப்போகும் தாத்தா எத்தனை மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்பதுவரை அதைப் பார்த்து முடிவு செய்யலாம். இத்தாலியின் ஜிரோ பந்தயத்துக்கான இத்தகைய கையேட்டுக்குச் செல்லப்பெயரே உண்டு: 'கரிபால்டி'.

நாலு கேள்வி

என்னுடைய நாலு கேள்விகள் பெரிய ரகசியங்கள் இல்லை.

முதலாவது, எங்கே, எப்போது. நான் இருப்பது மதுரையில். போட்டி கொங்கு நாட்டில் எங்கோ. காலை ஐந்து மணிக்குத் தொடக்கம் என்றால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். ரயிலில் போவதென்றால் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து ஏற்ற வேண்டும். டிக்கெட்டோ, 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. நல்ல ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. தொடங்குமிடத்தைப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் சொன்னால், உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் வர முடியும்.

இரண்டாவது, எவ்வளவு ஏற்றம். '100 கிலோமீட்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது, சாப்பாடு என்று போட்டுவிட்டுக் காரத்தைச் சொல்லாமல் விடுவது மாதிரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கிலோமீட்டர் என்றால் எதிர்காற்று மட்டும்தான் எதிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். தூரத்தை மட்டும் நம்பி வந்தவர் பாதி மலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

மூன்றாவது, கட்-ஆஃப். எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? முடியாவிட்டால் ஏற்றிக்கொள்ள வண்டி வருமா, நடுரோட்டில் விட்டுவிடுவார்களா?

நாலாவது, பணம். கட்டணத்தைச் சொல்லாத பக்கங்களும் உண்டு. சொல்லிவிட்டுக் கடைசித் தட்டலில் 'சேவைக் கட்டணம்' 'வரி' என்று கூட்டுகிற பக்கங்களும் உண்டு. விலையை இப்படிச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது வெறும் எரிச்சல் மட்டுமல்ல. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 'டார்க் பேட்டர்ன்' தந்திரங்களில் ஒன்றாக இதுவும் பட்டியலில் இருக்கிறது.

மறைப்பதில்லை, மறக்கிறார்கள்

அமைப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பலர் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள். போலீஸ் அனுமதி கடைசி வாரத்தில்தான் கைக்கு வரும். நேற்றுவரை நன்றாக இருந்த சாலையை இன்று குழாய் பதிக்கத் தோண்டியிருப்பார்கள். பாதையைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் திட்டு விழும். போடாமலே இருந்தால் விழாது. வலைத்தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் சைக்கிள் ஓட்டாதவர். அவருக்கு வீடியோ அழகாக ஓடினால் வேலை முடிந்தது. ஸ்பான்சர் பார்ப்பது தன் சின்னம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்.

ஆனால், முடிவாகவில்லை என்பதும் ஒரு விவரம்தான். 'தொடங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை, பத்தாம் தேதிக்குள் சொல்கிறோம்' என்று எழுத என்ன தடை?

எல்லா விவரத்தையும் ஒரு அழகான படத்துக்குள் அடைத்துப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. படத்துக்குள் இருக்கும் தேதியைக் கண் தெரியாதவரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் படிக்காது. தேடுபொறிக்கும் எளிதில் எட்டாது. ஒரு நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகத் தேடலில் காட்டுவதற்குக் கூகுள் கட்டாயமாகக் கேட்பது மூன்றே மூன்று: பெயர், தொடங்கும் தேதி, இடம். இயந்திரத்துக்கே அந்த மூன்றும் இல்லாமல் விஷயம் புரிவதில்லை.

விவரத்தை முன்கூட்டியே சொல்வது செய்ய முடியாத காரியமும் இல்லை. பி.ஆர்.எம். என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களின் உலகத்தைப் பாருங்கள். 1904-ல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகள்தான் இந்தியாவிலும். 200 கிலோமீட்டரை முடிக்க 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. இரவில் ஓட்ட விளக்கும் பளபளக்கும் மேலங்கியும் கட்டாயம். இடையிலுள்ள சோதனைச் சாவடிகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதற்கும் கணக்கு உண்டு. வேகத்துக்கு அங்கே பரிசு கிடையாது. முந்தி வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். அதனாலேயே நேரக் கணக்கை முன்கூட்டியே எல்லோரிடமும் கொடுத்துவிடுகிறார்கள்.

குரூப்பில் போட்டோமே!

கடைசியில் எனக்குப் பதில் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தளத்தில் போன வருடத்துப் படம் ஒன்றில் பேனர் தெரிந்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு செல்போன் எண். கூப்பிட்டேன். எடுத்தவர் தங்கமான மனிதர்.

"தேதியும் ஸ்டார்ட்டும் தெரியலையே சார்" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "அப்படியா? வாட்ஸப் குரூப்ல போட்டோமேண்ணா! நீங்க குரூப்ல இல்லையா?"

இல்லை. குரூப்பில் சேர வேண்டுமானால் குரூப்பில் இருக்கும் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவரைத் தெரிந்துகொள்ளத்தானே இப்படி ஒரு ரைடுக்குப் போவது!

போனை வைத்த பிறகும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய தளத்தில் 'அனைவரும் வருக' என்று போட்டிருக்கிறது. பொய்யில்லை, மனதார எழுதியதுதான். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்து வந்துசேரக்கூடியவர் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர் மட்டுமே. முதல்முறை வருபவர், சின்ன ஊர்க்காரர், கியர் இல்லாத சைக்கிள் வைத்திருக்கும் கல்லூரிப் பையன், இருட்டில் தனியாக வந்து இறங்க வேண்டிய பெண் ஆகியோருக்குத்தான் விவரம் வேண்டும். வழியில் கழிப்பறை இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிறுத்தம், டயர் பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் பழைய ஆட்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. புதியவர்களுக்கு அதை வைத்துத்தான் வருவதா வேண்டாமா என்ற முடிவே. அவர்கள் போன் செய்து சண்டை போட மாட்டார்கள். பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் கூட்டங்களில் 'புது ஆட்களே வர்றதில்லை' என்று கவலைப்படுவோம்.

அந்த அண்ணன் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பேசிக்கொண்டே மளிகைக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தேதி, இடம், நேரம், தூரமும் ஏற்றமும், கட்-ஆஃப், கட்டணம், பஞ்சரானால் கூப்பிட வேண்டிய எண். மொத்தம் ஏழு வரிகள். அந்தத் தாளைப் படம் எடுத்து, 'இதை உங்கள் வலைத்தளத்தில் முதல் பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும்' என்று அவருக்கே அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "சூப்பர்ண்ணா! இப்பவே குரூப்ல போட்டுடறேன்."