கம்ப்யூட்டர் ஸீட் தேடும் பெற்றோர் கவனத்துக்கு

பி.யு.சி. தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் பெங்களூர் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நாலு தமிழ்ப் பெற்றோர் கூடினால் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் கிடைக்குமா?" சிவிலும் மெக்கானிகலும் படித்து நல்ல நிலையில் இருக்கும் தகப்பனார்கள்கூடத் தம் பிள்ளைகளுக்கு இதைத்தான் விரும்புகிறார்கள். சேமிப்பைக் கரைத்தும், நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் வாங்கியும் இடம் பிடிக்கிறார்கள். இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள், நம் பிள்ளைக்கு எந்த வழியில் இடம் உண்டு, எந்தக் கல்லூரி நல்லது என்ற மூன்று கேள்விகளைப் பலர் பணம் கட்டிய பிறகே கேட்கிறார்கள். முன்கூட்டியே கேட்டால் வீண் செலவும் இல்லை, மனவருத்தமும் இல்லை.

ஈரோட்டில் பிறந்த ஆசிரியர்

நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு வித்திட்டவர்களில் முக்கியமான ஒருவர் தமிழர் என்பதை இளைய தலைமுறை அறிய வேண்டும். பேராசிரியர் வி. ராஜாராமன் 1933ல் ஈரோட்டில் பிறந்தவர். டில்லியில் தமிழர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர். 1963ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். 1965ல் எம்.டெக். மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் அறிவியல் ஒரு சிறப்புப் பாடமாயிற்று. பி.டெக். வகுப்பு 1978ல் தொடங்கியது. 1982ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த ராஜாராமன், பின்னர் இந்த நகரிலேயே தங்கிவிட்டார். 1998ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2025 நவம்பரில் காலமானார்.

அவரிடம் படித்த முதல் மாணவர்கள் அட்டைகளில் துளையிட்டு நிரல் எழுதியவர்கள். அந்த அட்டையும் இன்று இல்லை; அந்த இயந்திரமும் இல்லை. ஆனால் ஒரு பெரிய கணக்கைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் சரிதானா என்று சோதிக்கும் முறையை அவர்கள் கற்றார்கள். அது இன்றும் பழசாகவில்லை. இந்தப் படிப்பின் உயிர்நாடி அதுதான்.

என்ன படிக்கிறார்கள்?

நாலு வருஷம், எட்டு செமஸ்டர். முதல் வருஷம் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், மின்சார அடிப்படை. "கம்ப்யூட்டர் படிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அதற்குப் பிறகுதான் டேட்டா ஸ்ட்ரக்சர், டிஜிட்டல் சர்க்யூட், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் முதலிய பாடங்கள் வரிசையாக வருகின்றன.

இவற்றின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 10 லட்சம் பெயர்கள் கொண்ட வாக்காளர் பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயர்கள் தாறுமாறாக இருந்தால், ஒருவர் பெயர் அதில் இல்லை என்று உறுதி சொல்ல 10 லட்சத்தையும் பார்த்தாக வேண்டும். அகரவரிசையில் அடுக்கியிருந்தால் நடுவில் உள்ள பெயரைப் பார்த்தால் போதும். தேடும் பெயர் எந்தப் பாதியில் வரும் என்று தெரிந்துவிடும். மற்ற பாதியை ஒதுக்கிவிடலாம். இப்படியே பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டு போனால் 20 தடவையில் வேலை முடிந்துவிடும். இயந்திரத்தின் வேகம் அதேதான். யோசனையால் வந்த லாபம் இது. இந்த யோசனையைக் கற்பதுதான் இஞ்சினியரிங். ஒரு நிரல் மொழியை மட்டும் கற்க ஆறு மாத வகுப்பே போதும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, கேட்டதும் நிரல் எழுதித் தரும் சாதனங்கள் பெருகிவிட்டன. "இனி இந்தப் படிப்பு எதற்கு?" என்ற கவலை பெற்றோர்களுக்கு எழுவது இயல்பு. இயந்திரம் எழுதித் தருவதில் பிழையும் இருக்கிறது. எது சரி, எது தவறு, எது ஆயிரம் பேருக்கு ஓடி லட்சம் பேர் வந்தால் நின்றுவிடும் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். மனப்பாடம் செய்து பாஸானவரால் அது இயலாது. அடிப்படையைக் கற்றவரால்தான் இயலும்.

இடம் பெற எத்தனை வழி?

கர்நாடகத் தமிழர்கள் இதில் ஏமாறுவது அதிகம். ஆகவே விவரமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் வழி, மாநில அரசின் சி.இ.டி. தேர்வு. முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யு.சி. வரை குறைந்தது ஏழு வருஷம் கர்நாடகத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி.யை இங்கே தேறியவர்கள் இதற்கு உரியவர்கள். வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பது இதற்குத் தடை அல்ல. பி.யு.சி. மதிப்பெண்ணுக்குப் பாதி, சி.இ.டி. மதிப்பெண்ணுக்குப் பாதி என்று சேர்த்து ராங்க் போடுகிறார்கள். பி.யு.சி.யை அலட்சியம் செய்துவிட்டு கோச்சிங்கை மட்டும் நம்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வை எந்த மாநிலத்தவரும் எழுதலாம். ஆனால் கட்டணம் கூடுதல்.

இரண்டாவது வழி, ஜே.இ.இ. மெயின் மூலம் என்.ஐ.டி. கல்லூரிகள். அங்கே பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. 'மாநிலத்தவர்' என்பதற்கு அங்கே பொருள் வேறு. பூர்வீகமோ பிறந்த ஊரோ கணக்கில்லை. பிளஸ் டூ அல்லது பி.யு.சி. தேறிய மாநிலம்தான் கணக்கு. தஞ்சாவூர்க் குடும்பத்துப் பிள்ளையானாலும் பெங்களூரில் பி.யு.சி. முடித்தால் சலுகை சூரத்கல்லில்தான், திருச்சியில் இல்லை. ஐ.ஐ.டி.க்களில் இந்த மாநிலப் பங்கீடு கிடையாது.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் கவுன்சலிங். 2007 முதல் அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். எட்டாவது முதல் பிளஸ் டூ வரை வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற நேட்டிவிட்டி சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதை வருவாய்த் துறையில் வாங்க நாளாகும். கடைசி வாரத்தில் ஊருக்கு ஓடுவதைவிட, இரண்டாம் பி.யு.சி. வகுப்பு தொடங்கும்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

எந்தக் கல்லூரி?

2024-25 கல்வியாண்டு முதல், நன்கு இயங்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. இடங்களைக் கூட்டலாம், நல்ல ஆசிரியர்களை ஒரே நாளில் கூட்ட முடியுமா? ஆகவே கல்லூரிக்கு நேரில் போய் விசாரியுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர்? லேபில் மாணவன் தானே உட்கார்ந்து வேலை செய்கிறானா, பக்கத்தில் நின்று பார்க்கிறானா? என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவதல்ல. பிரிவு பிரிவாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரப்படுவது. உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு அது உண்டா என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயன்ஸ் என்று புதுப் பெயர்களில் பிரிவுகள் வந்திருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கணிதம் ஆகியவை முழுமையாக இருந்தால் அடித்தளம் பலமாக இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைக்குக் கணக்கில் நாட்டம் உண்டா என்று அவனையே, அவளையே கேளுங்கள். எலெக்ட்ரிகல் பிடித்த பிள்ளையைக் கம்ப்யூட்டரில் தள்ளினால், கடனைப் பெற்றோர் சுமப்பார்கள். நாலு வருஷத்தைப் பிள்ளை சுமக்க வேண்டும்.