அழையா விருந்தாளிகள்

கீழ்பென்னாத்தூரில் புதுக் கைப்பேசி வாங்கிய குடும்பத்தார், அது வெறுமையாய் வந்ததென எண்ணுகின்றனர். நாம் கேளாத செயலிகள் அதில் முன்னரே குடியேறி, இடத்தை அடைத்துச் சிறுவரை விளையாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இழுக்கின்றன.

அமைப்புகளில் செயலிப் பட்டியலைத் திறந்து, வேண்டாததை ‘நிறுவல் நீக்கு’ என்பதால் அகற்றுவோம். அது இல்லையேல் ‘முடக்கு’ என்பதைத் தொடுவோம். செயலி நீங்காது, ஆயினும் இயங்காது. இன்னதெனத் தெரியாததைத் தொடாதிருப்போம்; கருவி இயங்கவே அது தேவைப்படலாம்.

நன்னோக்குடைய செயலியாயினும் திணித்தலை மக்கள் விரும்பார். திருட்டுக் கைப்பேசிகளைக் கண்டறிய உதவும் ‘சஞ்சார் சாத்தி’யைப் புதுக் கைப்பேசிகளில் முன்னரே பதிக்குமாறு 2025 நவம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது, எதிர்ப்பு எழவே, டிசம்பர் 3 அன்று அக்கட்டாயத்தை விலக்கிக்கொண்டது.

நம் வீட்டினுள் யார் வரலாமென முடிவு செய்பவர் நாமே. கைப்பேசியும் வீட்டின் ஒரு வாயிலன்றோ?