எரிந்துபோன லேத் மோட்டார்: ஹெச்.பி. மட்டும் பார்த்து வாங்கலாமா?

ஆலங்குடி பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் அப்பா காலத்து நாலரை அடி லேத். மகனுக்குச் சென்னையில் வேலை. ஊருக்கு வரும் சனி, ஞாயிறுகளில் பக்கத்து வயல்காரரின் பம்ப் ஷாஃப்ட், டிராக்டர் புஷ் என்று ஏதாவது கடைந்து கொடுப்பார். ஒருநாள் சுவிட்சைப் போட்டால் ‘உம்ம்ம்’ என்று முனகல் மட்டும் வருகிறது. கூடவே வார்னிஷ் கருகும் வாடை.

உடனே கடைக்கு ஓடி, “ஒரு ஹெச்.பி. மோட்டார் கொடுங்க” என்று கேட்பதுதான் நம்மில் பலரும் செய்வது. கடைக்காரர் விவரமானவராக இருந்தால் திருப்பிக் கேட்பார்: “சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? எத்தனை ஆர்.பி.எம்.? ஷாஃப்ட் எத்தனை எம்.எம்.?” அவர் கேட்காவிட்டால், தவறான மோட்டாரோடு வீடு திரும்புவீர்கள்.

முதலில், நிஜமாகவே எரிந்துவிட்டதா?

முனகுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் குற்றவாளி கண்டன்சராக இருக்கலாம். மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும. இரண்டுமே சின்னச் செலவு. ஆனால் ‘கையால் தள்ளிவிட்டுப் பார்ப்போம்’ என்று சக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை வைண்டிங் கடையில் கொடுத்துவிடுங்கள். நிறுத்திய பிறகும் கண்டன்சரில் சார்ஜ் மிச்சம் இருக்கும், ஷாக் அடிக்கும்.

வைண்டிங்கே கருகிவிட்டாலும், பழைய மோட்டாரின் உடம்பும் பேரிங் வீடும் நன்றாக இருந்தால் காயில் கட்டி ஓட்டுவது கேவலம் இல்லை. செப்புக் கம்பிதானா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் என்ன கரண்ட் இருக்கிறது?

புது மோட்டார்தான் என்று முடிவானால், இந்தக் கேள்விக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆலைகளில் லேத் என்றாலே த்ரீ ஃபேஸ். பெரும்பாலான வீடுகளுக்கு வருவதோ சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டார்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ‘கண்டன்சர் ஸ்டார்ட்’ வகையைக் கேளுங்கள். மின்விசிறியில் இருப்பதுபோல ஒரே ஒரு சின்ன கண்டன்சரோடு ஓடும் வகைக்குத் தொடக்க இழுவை குறைவு. லேத்தில் கனமான வார்ப்பிரும்பு சக்கையும் சேர்த்துச் சுற்ற வேண்டும்; அது திணறும்.

கிராமத்தில் இன்னொரு தலைவலி, லோ வோல்டேஜ். சுற்றுவட்டாரத்தில் பம்ப்செட்டுகள் ஓட ஆரம்பித்தால் லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் 180 வோல்ட் வருவதெல்லாம் சாதாரணம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230-க்குப் பதில் 180 வந்தால் இழுவை 22 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்துவிடும். சுற்றத் திணறும் மோட்டார் கூடுதல் கரண்ட்டை இழுத்துச் சூடாகும். நம் ஊர் மோட்டார்கள் பல, கண்டன்சர் கெட்டு அல்ல, இப்படித்தான் கருகுகின்றன. வாங்கும் முன் சாயங்கால நேரத்தில் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

‘கிணத்து லைன்ல கொடுத்துக்கலாமே?’

வேண்டாம். தோட்டத்தில் இலவச மின்சாரத்தில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது, பக்கத்திலேயே லேத் இருக்கிறது. ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிட முடியும். வீட்டு இணைப்பிலும், பொழுதுபோக்கைத் தாண்டிக் கூலிக்கு வேலை எடுக்க ஆரம்பித்தால் கட்டணப் பிரிவு மாறும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வி.எஃப்.டி. என்ற மூன்றாவது வழி

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது, ஆனால் த்ரீ ஃபேஸ் மோட்டாரின் சுகம் வேண்டும் என்றால் அதற்கு வழி வி.எஃப்.டி. 230 வோல்ட்டை வாங்கி த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் பெட்டி இது. குமிழைத் திருப்பினால் வேகம் மாறும். மெதுவாகத் தொடங்குவதால் வீட்டு விளக்குகள் மங்காது. மரை வெட்டும்போது ரிவர்ஸ் எடுப்பதும் எளிது. சாதாரண சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஓட்டத்தில் ரிவர்ஸ் கிடையாது, முழுதாக நின்ற பிறகே திசை மாற்ற முடியும். என்னைக் கேட்டால், வாரக் கடைசியில் ஓடும் லேத்துக்கு இதுதான் முதல் தேர்வு.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. வெளியே தருவதும் 230 வோல்ட்தான். நம் நாட்டில் 2 ஹெச்.பி. வரையிலான த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பொதுவாக 415 வோல்ட்டுக்கு ‘ஸ்டார்’ இணைப்பில் வரும். அதை ‘டெல்டா’வாக மாற்றினால்தான் 230-ல் முழு பலம் கிடைக்கும். எனவே காசு கொடுக்கும் முன் டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆறு முனை இருந்தால் பட்டைகளை மாற்றிப் போட்டால் போதும். மூன்றுதான் இருந்தால் வைண்டிங் கடையில் உள்ளிருந்து ஒயர்களை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். நேம் பிளேட்டிலேயே ‘415 டெல்டா’ என்றிருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது.

டெல்டாவில் கரண்ட் 1.73 மடங்கு ஏறும். அதனால் வி.எஃப்.டி.யை ஹெச்.பி. பார்த்து அல்ல, ஆம்பியர் பார்த்து எடுங்கள். பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓட்டத்தில் திருப்பினால் பெட்டி போய்விடும்.

வேகத்தைக் குமிழிலேயே குறைக்கலாம் என்று படிப்புல்லியைக் கழற்றி எறிந்துவிடவும் கூடாது. வேகம் குறையும்போது மோட்டாரின் பவரும் குறையும், அதன் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். பெரிய விட்டத்தைக் கடையும்போது பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய தண்ணி மோட்டார் ஆகுமா?

1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மின் மோட்டார் செய்தது முதல், மோட்டார் என்றாலே நமக்குக் கோவைதான். ஊர்க் கடைகளில் அங்கிருந்து வந்து குவிந்திருப்பதில் பெரும்பகுதி பம்புக்கான மோட்டார். வீட்டிலும் பழைய மோனோபிளாக் ஒன்று சும்மா கிடக்கும். அதை லேத்தில் மாட்டலாமா?

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2 போல் மோட்டார் சுமார் 2,880 சுற்று சுற்றும், 4 போல் சுமார் 1,440. லேத்தின் புல்லிகள் பெரும்பாலும் 1,440-ஐக் கணக்கிட்டவை. தண்ணி மோட்டார்களோ பெரும்பாலும் 2,880. அதை மாட்டினால் ஸ்பிண்டில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், சக்கைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். வார்ப்பிரும்பு சக் சிதறினால் தகரக் கொட்டகை தாங்காது. பழைய நேம் பிளேட்டில் ஆர்.பி.எம். அழிந்திருந்தால், புல்லி விட்டங்களை அளந்து கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பொருத்தமும் முக்கியம். 1 ஹெச்.பி., 4 போல் த்ரீ ஃபேஸ் மோட்டார் வழக்கமாக ‘80 ஃபிரேம்’: ஷாஃப்ட் 19 மி.மீ. அதே 4 போலில் 2 ஹெச்.பி. என்றால் ‘90 ஃபிரேம்’, 24 மி.மீ. ஆசைப்பட்டு ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் பழைய புல்லி ஏறாது, போல்ட் துளையும் சேராது. இரும்புத் தூள் பறக்கும் இடம் என்பதால் முழுக்க மூடிய, வெளியே விசிறி உள்ள மோட்டாரே சரி.

கரண்ட் போய் வந்தால்?

கரண்ட் போகிறது. நீங்கள் சக்கில் சாவியைச் செருகி வேலைப்பொருளைக் கழற்றுகிறீர்கள். சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கிறது. திடீரென்று கரண்ட் வருகிறது. சாதாரண சுவிட்ச் என்றால் லேத் அப்படியே கிளம்பிவிடும், சாவி முகத்துக்குப் பறக்கும். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் பச்சை பட்டனை மறுபடி அழுத்தும் வரை ஓடாது. வி.எஃப்.டி. என்றால், கரண்ட் திரும்பியதும் தானாக ஓடும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலேயே த்ரீ ஃபேஸ் இருந்தால் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டரும் சேர்த்து மாட்டுங்கள். ஒரு ஃபேஸ் போனாலே மோட்டாரை நிறுத்திவிடும். பழைய லேத்களில் சக் மரையில்தான் ஏறியிருக்கும். வி.எஃப்.டி.யில் சடாரென்று பிரேக் போட்டாலோ, வேகமாக ரிவர்ஸ் எடுத்தாலோ அது கழன்று உருளும். நிறுத்தும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி வையுங்கள். லேத்தின் உடம்புக்கு எர்த் ஒயர் இருக்கிறதா என்பதையும், கொட்டகைக்கு எலக்ட்ரீஷியன் வரும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.