தகப்பன் காட்டில், குஞ்சு கூண்டில்

பார்சன் பச்சோந்தியின் முட்டை பொரிய ஒன்றரை வருடம் ஆகும்; சில சமயம் இரண்டு வருடம்கூட ஆகும். மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காட்டில் தாய் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடுகிறது. குளிர்காலம் வந்து கருவை உறங்க வைக்க வேண்டும். அதன்பின் வரும் வெப்பம் எழுப்ப வேண்டும். இந்தப் பருவ மாற்றத்தை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் வீட்டு அலமாரிக்குள் உண்டாக்கிக் காட்டுகிறார்கள். டப்பாவில் ஈர வெர்மிகுலைட்டைப் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்து, சில மாதம் குளிர்ச்சியாகவும் பிறகு சற்று வெதுவெதுப்பாகவும் வைக்கிறார்கள். பூஞ்சை பிடித்ததை அகற்றுகிறார்கள், சுருங்குவதற்கு ஈரம் சேர்க்கிறார்கள். இரண்டு வருடம் சலிக்காமல் இதைச் செய்கிறவரின் உழைப்பு பெரிது. குஞ்சு தலையை நீட்டும் நாளில் அவர் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவதும் நியாயம்தான்.

ஆனால் அந்தக் குஞ்சின் தகப்பன் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அதே மழைக்காட்டில், ஏதோ ஒரு கிளையில். காட்டில் பிடிபடும் பெண் பச்சோந்திகளில் பல ஏற்கெனவே சினையாக இருக்கும். இல்லாவிட்டாலும், இணைசேர்ந்த ஆணின் விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருந்து பிறகு முட்டையிடும் திறன் பல இனங்களுக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு பெண் கடல் கடந்து வந்து, புதுக் கூண்டில் ஒரு மாதம் இருந்து, முப்பது முட்டை இடுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சுகள் “வீட்டில் பிறந்தவை” என்று விற்பனைக்குப் போகின்றன. பிறந்தது வீட்டில்தான், கரு உண்டானது காட்டில். இந்த ஒரு இடைவெளிதான் எனக்குப் பெரிய உறுத்தல்.

அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தம் இந்த இடைவெளியை அறியாமல் இல்லை. அனுமதிச் சீட்டில் ஒவ்வொரு உயிருக்கும் ஓர் எழுத்து போடுகிறார்கள். காட்டில் பிடித்ததற்கு ‘டபிள்யூ’. கூண்டில் பிறந்தும் முழு நிபந்தனைகளை எட்டாததற்கு ‘எஃப்’. முறையாகக் கூண்டிலேயே பெருக்கப்பட்டதற்கு ‘சி’. கடைசி எழுத்தைப் பெற, தாய் தகப்பன் இரண்டும் கூண்டிலேயே இணைந்திருக்க வேண்டும். அதோடு, அந்தக் கூட்டத்தில் பேரக்குஞ்சுகள் பிறந்திருக்க வேண்டும், அல்லது பிறக்கும்படி அது நடத்தப்படுகிறது என்று காட்ட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. கைமாறிக் கைமாறி மூன்றாவது வீட்டுக்குப் போகும் பச்சோந்தியோடு எந்த எழுத்து போகிறது? வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை.

1990-களின் நடுவில் மடகாஸ்கரின் பெரிய பச்சோந்தி இனங்களில் நான்கைத் தவிர மற்றவற்றின் ஏற்றுமதியை சைட்டஸ் வழியாக நிறுத்தச் சொன்னார்கள். பாந்தர் பச்சோந்தி அந்த நான்கில் ஒன்று. கையகலம்கூட இல்லாத, இலைச்சருகுக்குள் வாழும் புரூக்கீசியா வகை 2003-இல்தான் சைட்டஸ் பட்டியலுக்கு வந்தது. பின்னர் சில இனங்களுக்கு ஆண்டு ஏற்றுமதி ஒதுக்கீடு கொடுத்துக் கதவை மறுபடி கொஞ்சம் திறந்தார்கள்.

பிடிப்பது எளிது, அதுதான் கொடுமை. பகலில் இலையோடு இலையாக மறைந்து நம் கண்ணை ஏமாற்றும் அதே பிராணி, இரவில் கிளை நுனியில் வெளிறிப்போய் உறங்குகிறது. டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். பச்சோந்தியைத் தொடுவதையே பாவம் என்று விலக்கும் வழக்கம் அந்த நாட்டில் பல இடங்களில் உண்டு. ஆனாலும் வறுமை மக்களை விளக்கோடு காட்டுக்குள் அனுப்புகிறது. பிடித்துக் கொடுப்பவருக்குக் கிடைப்பது சொற்பம். தலைநகர் அந்தனனாரிவோவைத் தாண்டிய பிறகுதான் விலை ஏறுகிறது.

துணிப்பையில் பயணம் செய்து வந்து சேரும்போது பச்சோந்தியின் உடலில் நீர் வற்றி, கண் குழிவிழுந்து போயிருக்கும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைப் பச்சோந்தி குடிக்காது. இலையில் உருளும் துளிதான் அதற்குத் தண்ணீர். காட்டில் அடங்கிக் கிடந்த குடற்புழுக்கள், உடல் சோர்ந்ததும் பெருகிவிடும். பக்கத்துக் கூண்டில் இன்னொரு ஆண் கண்ணில் பட்டாலே போதும், தீனி எடுக்காமல் கிடக்கும். புற ஊதா விளக்கும் சுண்ணாம்புச் சத்தும் சரியாக அமையாத கூண்டில் எலும்பு வளைந்து போகிறது. தேர்ந்தவர்கள் இதையெல்லாம் சமாளிக்கிறார்கள். தேராதவர்களின் கணக்கு எந்தப் படத்திலும் வருவதில்லை.

பாந்தர் பச்சோந்தியையும் ஏமனின் முக்காட்டுப் பச்சோந்தியையும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கிவிட்டதால் அவற்றைக் காட்டில் பிடிக்கும் தேவை குறைந்தது என்கிறார்கள் வளர்ப்பவர்கள். உண்மைதான். ஆனால் அவை சீக்கிரம் பருவமடைந்து, அடிக்கடி முட்டையிடும் இனங்கள். பார்சன் பச்சோந்தி பருவமடையவே வருடங்கள் ஆகும். பெண் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முட்டையிடுகிறது என்று கணித்திருக்கிறார்கள். சினையாக ஒன்றைப் பிடித்தால் காட்டில் ஓர் ஈடு முட்டைகள் குறைகின்றன, அடுத்தடுத்து அது ஈன்றிருக்க வேண்டியவையும் போகின்றன. கூண்டில் பேரக்குஞ்சு பிறக்கும்வரை பொறுக்க ஆசைக்குக் காலம் இல்லை. பத்து வருடம் காத்திருப்பதைவிட இன்னொரு சினைப் பெண்ணை வரவழைப்பது சுலபம். அப்படித்தான் “வளர்ப்புத் திட்டம்” என்ற பெயரில் காடு குஞ்சு பொரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

நம் ஊருக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வரும் பெட்டிகளில் அயல்நாட்டு உயிர்கள் பிடிபடுவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். நம் பச்சோந்தியை வளர்க்கச் சட்டம் இடம் தராது. 2022-இன் வனவுயிர்ச் சட்டத் திருத்தத்துக்குப் பின், சைட்டஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவில் இரண்டு தேதிகளைக் கேட்கவேண்டும் என்பேன்: தாய் வந்து சேர்ந்த நாள், அது முட்டையிட்ட நாள். இரண்டுக்கும் இடையே சில மாதங்களே இருந்தால், தகப்பன் எந்தக் கூண்டில் இருந்தது என்று காட்டும் பொறுப்பு விற்பவருடையது. காட்ட முடியாதபோது அந்தக் குஞ்சுகளைக் காட்டின் கணக்கிலேயே எழுத வேண்டும். ஏற்றுமதி ஒதுக்கீட்டிலும் கழிக்க வேண்டும்.