நெட் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?



பாடப் புத்தகத்துல இருக்கும் கட்டம் போட்ட க்யூ.ஆர். கோடு எல்லாருக்கும் தெரியும். 2018-ல் புதுப் பாடத்திட்டம் வந்தபோது 1, 6, 9, 11-ஆம் வகுப்புப் புத்தகங்களில் முதலில் வந்தது. அதுல இருக்கும் வீடியோவைப் பார்க்கலாம்னு உட்கார்ந்தா, திரையில் ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். வீடியோ நம்ம சாத்தனூர் கல்மரம் மாதிரி ஆடாம அசையாம கெடக்கும். உடனே வீட்டுல என்ன சொல்றோம்? "நெட் சரியில்ல, கம்பெனிய மாத்தணும்", இல்லேன்னா "லேப்டாப் பழசாயிடுச்சு". ரெண்டுக்கும் காசு வேணும். ஆனா காசே இல்லாம சரிபண்ணக் கூடிய காரணங்கள்தான் நிறைய. அதைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நெட் வர்ற வழி மூணு

ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நம்ம வீட்டுக் குடத்துக்குத் தண்ணி எப்படி வருது? தொட்டியிலிருந்து தெருக்குழாய் வழியா வீட்டுப் பைப்பு வரைக்கும் ஒரு வழி. பைப்பில் மாட்டின ஓஸ் ஒரு வழி. கடைசியில் குடத்தின் வாய். தண்ணி குறைவா வந்தா மூணுல எது அடைச்சிருக்குன்னு பார்க்கணும். ஓஸை யாரோ மிதிச்சிருக்கும்போது பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

நெட்டும் அப்படித்தான்.
1. வெளியிலிருந்து கம்பி வழியா வைஃபை பெட்டி (ரூட்டர்) வரைக்கும்.
2. பெட்டியிலிருந்து காத்து வழியா லேப்டாப் வரைக்கும்.
3. லேப்டாப்புக்கு உள்ள.

எந்த வழியில் கோளாறுன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

முதல்ல ஒரு கணக்கு

வேகத்தை எம்.பி.பி.எஸ். என்று சொல்வாங்க. இது டாக்டர் படிப்பு இல்ல! ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதுதான். ஆனா நாம இறக்குற பாடத்தின் அளவை மெகாபைட்டில் சொல்றோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். அதனால 40 எம்.பி.பி.எஸ். திட்டம்னா வினாடிக்கு 40 மெகாபைட் வராது. 40 ÷ 8 = 5 மெகாபைட்தான் வரும். இது தெரியாம "ஏமாத்துறாங்க"ன்னு திட்டுறவங்க உண்டு.

15 மெகாபைட் பாடம் ஒன்று 40 எம்.பி.பி.எஸ்.-ல் 3 வினாடியில் இறங்கணும். இறங்கலைன்னா கீழே உள்ள சோதனையைச் செய்ங்க.

சோதனை செய்வது எப்படி?

கூகுளில் "ஸ்பீடு டெஸ்ட்" என்று தேடினால் வேகம் பார்க்கும் பக்கம் வரும். வீட்டுல மத்தவங்க போன் பார்க்காத நேரமாப் பாருங்க. ஒரு நோட்டில் நாலு அளவு எழுதுங்க.

அ. லேப்டாப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில், அஞ்சாறு அடி தூரத்தில் வச்சு ஒரு அளவு. முடிஞ்சா பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் லேன் ஒயர் மாட்டி இன்னொரு தடவை.
ஆ. அதே இடத்தில் ஒரு போனில், மொபைல் டேட்டாவை அணைச்சு வைஃபையில் ஒரு அளவு.
இ. நீங்க எப்பவும் படிக்கிற இடத்தில் லேப்டாப் வச்சு ஒரு அளவு.
ஈ. ராத்திரி 8 மணிக்கு, பெட்டிக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு அளவு.

இப்போ விடை தானா வரும்.
* பெட்டிக்குப் பக்கத்தில் ஒயர், போன் எல்லாத்திலும் குறைவு: வெளியிலிருந்து வர்ற வழியில் கோளாறு.
* பக்கத்தில் நல்ல வேகம், படிக்கிற இடத்தில் குறைவு: காத்து வழியில் கோளாறு.
* ஒரே இடத்தில் போனில் நல்ல வேகம், லேப்டாப்பில் குறைவு: லேப்டாப்பில் கோளாறு.
* ராத்திரி மட்டும் குறைவு: வெளி வழியில் கூட்டம்.

காத்து வழி: சுவரும் பீரோவும்

வைஃபை என்பது ரேடியோ அலை. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலையைச் சுவரைத் தாண்டி அனுப்பி, அந்தப் பக்கம் இருந்த மணியை அடிக்க வச்சுக் காட்டினார். ஆக, சுவரைத் தாண்டும். ஆனா ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். கான்கிரீட் சுவர் அதிகமாப் பிடிக்கும். இரும்பு பீரோ, தகரக் கதவு, பெரிய நிலைக்கண்ணாடி இவை அலையைத் திருப்பி அனுப்பிடும். தண்ணியும் அலையை உறிஞ்சும். அதனால தண்ணி டிரம்முக்குப் பின்னாடி பெட்டி வைக்கக்கூடாது.

தூரமும் ஒரு காரணம். திறந்த வெளியில் தூரம் ரெண்டு மடங்கானால் அலையின் பலம் நாலில் ஒரு பங்காயிடும். டார்ச் வெளிச்சம் தூரத்தில் மங்குற மாதிரி. வெளிச்சமும் வைஃபையும் ஒரே குடும்பம்தான், ரெண்டும் மின்காந்த அலை.

பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ரெண்டு அலைவரிசை இருக்கும். சில பெட்டியில் 2.4 மட்டும். ஒலி பாடத்துல படிச்ச சூத்திரம் ஞாபகம் இருக்கா? வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அதே சூத்திரத்தில் ஒளியின் வேகத்தைப் போட்டுப் பாருங்க. 2.4-க்கு அலைநீளம் 12.5 செ.மீ., 5-க்கு 6 செ.மீ. வரும். 5 வேகமாப் போகும், ஆனா சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் களைச்சிடும். 2.4 வேகம் குறைவு, ஆனா பின்னறை வரைக்கும் போய்ச் சேரும். பெட்டி இருக்கும் அறையில் படிச்சா 5, ரெண்டு சுவர் தள்ளிப் படிச்சா 2.4 என்று வச்சுக்கலாம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் வாங்கின லேப்டாப் இன்னும் சில வீட்டில் ஓடுது. பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5-இன் பெயர் அதில் காட்டாது. அது ரிப்பேர் இல்ல.

2.4-இல் இன்னொரு தொல்லை, கூட்டம். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே வரிசையில்தான் ஓடுது. ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் 1, 6, 11 என்று மூணுதான். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் இதை மாத்தலாம். தெரிஞ்ச பெரியவங்களை வச்சு மாத்துங்க.

ஒரு பெட்டியில் பல பேர் சேர்ந்தால், பெட்டி ஒவ்வொருத்தரிடமும் முறை வச்சுத்தான் பேசும். தூரத்தில் சிக்னல் கம்மியா இருக்கும் ஒரு போன் மெதுவாப் பேசும், அதுவரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும். அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி முன்னாடி போனா, பின்னாடி வர்ற பஸ்ஸும் அதே வேகம்தானே? அதே கதை. பக்கத்து வீட்டுப் பசங்க திண்ணையில் உட்கார்ந்து உங்க வைஃபையில் கேம் விளையாடினாலும் இதுதான் நடக்கும். பாஸ்வேர்டை மாத்துங்க!

பெட்டியை எங்க வைக்கணும்?

* வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல, திறந்த இடத்தில்.
* டி.வி.-க்குப் பின்னாடி, பீரோ மேல, ஷெல்ப் கதவுக்குள்ள வேண்டாம்.
* தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒட்டி வேண்டாம். சித்திரை வெயிலில் பெட்டி சூடாகித் திணறும். மேல துணி போட்டு மூடவும் கூடாது.
* வாரம் ஒரு தடவை அணைச்சு, அரை நிமிஷம் கழிச்சுப் போடுங்க. ஆனா பின்பக்கம் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தாதீங்க. எல்லா அமைப்பும் அழிஞ்சிடும்.

எங்க வீட்டுல 40 எம்.பி.பி.எஸ். திட்டம். டி.வி.-க்குப் பின்னாடி பெட்டி இருந்தப்போ பெட்டிக்குப் பக்கத்தில் 37, அடுத்த அறையில் 22, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் 4. பெட்டியை எடுத்து நடுக்கதவு நிலைக்கு மேல ஆணி அடிச்சு மாட்டினோம். அடுப்படிப் பக்கம் 4 இருந்தது 16 ஆச்சு. செலவு ஒரு ஆணி, கொஞ்சம் ஒயர்.

லேப்டாப்புக்கு உள்ள

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் என்ற வரிசையைப் பாருங்க. நமக்குத் தெரியாம எது நெட்டைக் குடிக்குதுன்னு காட்டும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாத்தான் இருக்கும். அப்டேட் வேண்டியதுதான், ஆனா படிக்கிற நேரத்தில் வேண்டாம், ராத்திரி விட்டுடலாம்.

சார்ஜர் போட்டா வேகம், கழட்டினா மெதுவுன்னா, பவர் ஆப்ஷனில் வைஃபைக்கு மிச்சம் பிடிக்கச் சொல்லி இருக்கும். அதை முழுப் பலத்துக்கு மாத்துங்க. வைஃபை பெயரை அழுத்தி "பர்கெட்" கொடுத்து மறுபடி பாஸ்வேர்டு போட்டுச் சேர்ந்தாலும் சில நேரம் சரியாகும். லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில்தான் இருக்கும். திரையை நல்லாத் திறந்து வைங்க.

போன் ஹாட்ஸ்பாட்டில் படிக்கிறவங்களுக்கு

நம்மில் பல பேர் வீட்டில் பெட்டியே இல்ல, அப்பா போன் ஹாட்ஸ்பாட்தான். அங்க ரெண்டு விஷயம்.

ஒன்று, போனுக்கு டவர் கிடைக்கணும். போனை ஜன்னல் ஓரத்தில் வச்சு, லேப்டாப்பைப் பக்கத்தில் வைங்க. சார்ஜ் ஒயரால ரெண்டையும் இணைச்சு யு.எஸ்.பி. டெதரிங் போட்டா இன்னும் நல்லது, காத்து வழியே வேண்டியதில்ல.

ரெண்டு, பல திட்டங்களில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆயிடும். அதாவது வினாடிக்கு 8 கிலோபைட். மேலே 3 வினாடியில் இறங்கின அதே 15 மெகாபைட் பாடம் இப்போ 32 நிமிஷம் ஆகும்! லேப்டாப் ஹாட்ஸ்பாட்டையும் வீட்டு வைஃபைன்னு நினைச்சு அப்டேட்டை இறக்கிடும். அந்த வைஃபை பெயரின் அமைப்பில் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதைப் போட்டுட்டா அடக்கமா இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் ஸ்பீடு டெஸ்டையும் அடிக்கடி போடாதீங்க, அதுவும் டேட்டாவைத் தின்னும்.

வெளி வழியில் கோளாறுன்னா

இதுக்கு மட்டும்தான் கம்பெனிக்குப் போன் பண்ணணும். ஃபைபர் ஒயர் என்பது முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதுக்குள்ள வெளிச்சமாத்தான் செய்தி வருது. கட்டில் காலுக்கு அடியிலோ கதவு இடுக்கிலோ மடங்கினா வெளிச்சம் கசிஞ்சிடும். அதை முதல்ல நீங்களே பாருங்க. ஒயரை உள்ள பார்க்கவோ வெட்டவோ கூடாது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிஞ்சா, வெளிச்சம் பெட்டிக்கு வரலைன்னு அர்த்தம்.

போனில் "நெட் ஸ்லோ"ன்னு மட்டும் சொன்னா "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னுதான் பதில் வரும். "பெட்டியில் நேரா ஒயர் மாட்டிப் பார்த்தோம். 40-க்கு 6 தான் வருது. காலை, ராத்திரி ரெண்டு வேளையும் மூணு நாளா எழுதி வச்சிருக்கோம்"னு சொல்லிப் பாருங்க. பேச்சே மாறும். நோட்டில் எழுதி வச்ச அளவுதான் நம்ம சாட்சி.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் திட்டத்துக்காக 2018-ல் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஊர் வரைக்கும் ஃபைபர் கொண்டு வர்றது அரசாங்கத்தின் வேலை. வாசலிலிருந்து நம்ம படிக்கிற பாய் வரைக்கும் கொண்டு வர்றது நம்ம வேலை.

கடைசியா ஒரு விஷயம்

பெரும்பாலான வீட்டில் பெட்டியை எங்க மாட்டுறாங்க? முன்னறையில், டி.வி. பக்கத்தில். அங்க உட்கார்றது யாரு? அப்பா, அண்ணன், வர்ற விருந்தாளி. பின்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கிட்டே படிக்கிறது யாரு? பெரும்பாலும் பொம்பளப் புள்ளைங்க. காசு ஒரே காசு, ஆனா முன்னறைக்கு 37, பின்கட்டுக்கு 4. யாரும் வேணும்னு செய்யல, அலைக்கு ஆம்பள பொம்பள தெரியாது. ஆணி எங்க அடிச்சோமோ அங்கிருந்துதான் அது பரவும்.

அதனால இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுத்து, நீங்க படிக்கிற இடத்தில் எவ்வளவு வருதுன்னு எழுதுங்க. பெட்டிக்குப் பக்கத்தில் எவ்வளவுன்னும் எழுதுங்க. ரெண்டையும் அப்பா அம்மாகிட்ட காட்டுங்க. பெட்டியை நடுவீட்டுக்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க. கணக்கோட கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி