பழைய கோல்ஃப் வீரர்களின் மட்டை வீச்சு: எதைப் பின்பற்றலாம்?

பென் ஹோகன், பைரன் நெல்சன், ஜாக் நிக்லஸ் போன்ற முன்னாள் தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் ஆட்டக் காட்சிகள் இன்று இணையத்தில் எவருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதே பாணியில் மட்டையை வீச முயலும் ஆர்வலர்கள் பல நாடுகளிலும் உள்ளனர்.

ஆனால், ஒரு வீரர் எத்தகைய மட்டையைக் கொண்டு ஆடினார், தம்முடைய எந்தக் குறையைத் தீர்க்க அந்தப் பாணியை வகுத்தார் என்பதை அறியாமல் அவரைப் பின்பற்றுவது, நோயை அறியாமல் மருந்து உண்பதற்கு ஒப்பானது.

மரத்தண்டிலிருந்து எஃகுக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்ஃப் மட்டைகளின் தண்டுகள் ஹிக்கரி என்ற மரத்தால் செய்யப்பட்டவை. வேகமாக வீசும்போது அவை வளைவதோடு முறுக்கவும் செய்யும். எனவே, மணிக்கட்டுகளின் அசைவால் மட்டையின் முகத்தைச் சரியான நேரத்தில் பந்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

1896க்கும் 1914க்கும் இடையே பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஆறு முறை வென்ற ஹாரி வார்டன், மட்டையைப் பின்னோக்கி உயர்த்தும்போது இடது முழங்கையை மடக்கினார், இடது குதிகாலைத் தூக்கினார். பிற்காலப் பயிற்சியாளர்கள் பலர் முழங்கை மடங்குவதைக் குறையாகவே கருதினர். ஆனால் அவருடைய மட்டைக்கு அது பொருந்தியது.

பிரிட்டனில் 1929ல் எஃகுத் தண்டுகள் அனுமதிக்கப்பட்டன. அமெரிக்காவில் அதற்கும் முன்பே அவை ஏற்கப்பட்டிருந்தன. முறுக்காத எஃகுத் தண்டுக்கு ஏற்ப, கைகளின் அசைவைக் குறைத்து, கால்களையும் இடுப்பையும் கூடுதலாகப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் பைரன் நெல்சன். 1945ல் அவர் தொடர்ச்சியாக 11 போட்டிகளில் வென்றார். மட்டைகளையும் பந்துகளையும் சோதிப்பதற்கென அவருடைய வீச்சைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட இயந்திரத்துக்கு 'அயர்ன் பைரன்' என்றே பெயரிடப்பட்டது.

ஹோகனின் 'இரகசியம்'

பழைய வீரர்களில் மிக அதிகமாக ஆராயப்படுபவர் பென் ஹோகன். மேஜர் எனப்படும் பெரும் போட்டிகளில் ஒன்பது முறை வென்ற இவர், தொழில்முறை வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் ஹூக் என்ற குறையால் அவதியுற்றார். வலக்கை ஆட்டக்காரரான அவர் அடித்த பந்து, கட்டுக்கடங்காமல் இடப்புறம் வளைந்து சென்றது.

இதற்கு அவர் கண்ட தீர்வை 1955ல் 'லைஃப்' இதழில் வெளியிட்டார். இடது கையின் பிடியைச் சற்று மாற்றியும், வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டைச் சிறிது பின்புறமாக வளைத்தும், மட்டையின் முகம் விரைவில் மூடிக்கொள்வதை அவர் தடுத்தார். அதன்பின், எவ்வளவு வலுவாக அடித்தாலும் பந்து இடப்புறம் வளையும் என்ற அச்சம் அவருக்கு இருக்கவில்லை.

ஆனால், பொழுதுபோக்காக ஆடும் வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இதற்கு நேர்மாறான குறை. அவர்களின் பந்து வலப்புறமாக வளைகிறது. ஸ்லைஸ் எனப்படும் இதற்குக் காரணம், மட்டையின் முகம் திறந்தே இருப்பது. அவர்கள் ஹோகனின் வழியைக் கைக்கொண்டால் குறை மேலும் மோசமாகும். திறமை குறைந்தவர்களுக்கு இம்முறை கேடாகவே முடியும் என்று ஹோகனே அப்போது எச்சரித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

படங்கள் காட்டாதவை

பழைய திரைப்படச் சுருள்களுக்கும் வரம்பு உண்டு. மட்டை உச்சியிலிருந்து இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ கால் நொடியே ஆகிறது. நொடிக்கு 24 படங்கள் வீதம் எடுக்கப்பட்ட சுருளில் இந்த இறக்கம் சுமார் ஆறு படங்களில் அடங்கிவிடும். மட்டையின் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்ந்துவிடுகிறது. பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரமோ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

வீரர்களின் சொந்த விளக்கங்களையும் அப்படியே ஏற்க இயலாது. மட்டை செல்லும் பாதையே பந்து புறப்படும் திசையைத் தீர்மானிக்கிறது என்று பழைய பயிற்சி நூல்கள் பலவும் கூறின. இந்த நூற்றாண்டில் பரவலான ராடார் கருவிகளோ, புறப்படும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது மட்டை முகம் நோக்கும் திசையே என்று காட்டின. அதாவது, சரியாகச் செய்தவர்களும் தாம் செய்ததைச் சரியாக விளக்கவில்லை.

பொதுவானது எது?

1971ல் அமெரிக்காவின் மெரியன் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டி சமநிலையில் முடிந்ததால், லீ டிரெவினோவும் ஜாக் நிக்லஸும் மீண்டும் ஒரு சுற்று மோதினர். நிக்லஸ் வலது முழங்கை உடலை விட்டு விலக, மட்டையை மிக உயர்த்தி வீசுபவர். டிரெவினோ இலக்குக்கு இடப்புறமாகத் திரும்பி நின்று, பந்தை வலப்புறம் வளைத்து அடிப்பவர். முற்றிலும் மாறுபட்ட இரு பாணிகள். டிரெவினோ 68, நிக்லஸ் 71 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது.

ஆயினும், இரும்பு மட்டையால் பந்தை அடிக்கும் கணத்தில் இத்தகைய வீரர்களிடையே ஒற்றுமை தெரிகிறது. உடல் எடை முன்காலுக்கு மாறியிருக்கும், இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும், கைகள் பந்துக்குச் சற்று முன்னே இருக்கும். மட்டையை உயர்த்துவதற்கு ஆகும் நேரம், இறக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருப்பதும் சிறந்த வீரர்கள் பலரிடம் காணப்படுகிறது.

ஆகவே, பழைய காட்சிகளைப் பார்த்துக் கற்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது தம் பந்து எப்பக்கம் வளைகிறது என்பதையே. அதன் பிறகு, அதே குறையை வென்ற வீரர் ஒருவரைத் தேடிப் பார்ப்பது பயன் தரலாம்.